எக்சிமாவும் வறண்ட தோல் பராமரிப்பும்

எக்சிமா என்பது தோல் வறண்டு, அரிப்பெடுத்து, தடித்து, சில வேளைகளில் நீர் கசியும் தோலழற்சி நோய்களின் பொதுப்பெயர் ஆகும். இவற்றுள் மிகப் பரவலாகக் காணப்படுவது அடோபிக் தோலழற்சி. இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்கி, குறைவதும் மீண்டும் தோன்றுவதுமாக நெடுநாள் நீடிக்கும். இது தொற்றுநோய் அன்று. நோயுள்ளவரைத் தொடுவதாலோ, அருகில் அமர்வதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ பிறருக்குப் பரவாது.

பெயர்

எக்சிமா என்னும் சொல் 'கொதித்துப் பொங்குதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அடோபிக் தோலழற்சி என்ற பெயரை 1933-ஆம் ஆண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்களான பிரெட் வைஸ், மேரியன் சுல்ஸ்பெர்கர் ஆகியோர் அறிமுகப்படுத்தினர். தமிழ்நாட்டு வழக்கில் இது கரப்பான் எனப்படுவதுண்டு. ஆனால் அச்சொல் வேறு பல தோல் நோய்களையும் குறிக்கும். சிரங்கு என்பது வேறு நோய். நுண்ணிய பூச்சியால் வரும் சொறிசிரங்கு பிறருக்கு எளிதில் தொற்றும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் எக்சிமா உள்ள குழந்தைகள் பள்ளியிலும் விளையாட்டிலும் தேவையின்றி ஒதுக்கப்படுகின்றனர்.

தோலில் நிகழ்வது என்ன?

தோலின் மேலடுக்கைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடலாம். தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை காரைப்பூச்சு. இச்சுவர் உடலின் நீரை வெளியேற விடாமலும், வெளிப்பொருள்களை உள்ளே நுழைய விடாமலும் காக்கிறது. எக்சிமாவில் இச்சுவர் பலவீனமடைகிறது. நீர் ஆவியாகி வெளியேறுவதால் தோல் வறள்கிறது. தூசி, சோப்பு, கிருமி போன்றவை உள்ளே நுழைவதால் நோயெதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டு அழற்சி உண்டாகிறது. அரிப்பினால் சொறியும்போது சுவர் மேலும் சிதைகிறது. அதனால் அரிப்பு மேலும் கூடுகிறது.

இச்சுவரை உருவாக்க உதவும் புரதங்களுள் ஒன்று ஃபிலாக்ரின். இதற்குரிய மரபணுவில் ஏற்படும் குறைபாடு எக்சிமா வரும் வாய்ப்பை மிகுவிக்கிறது என்பது 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. எனினும் இக்குறைபாடு உள்ள அனைவருக்கும் எக்சிமா வருவதில்லை. எக்சிமா உள்ள அனைவரிடமும் இக்குறைபாடு காணப்படுவதும் இல்லை.

அறிகுறிகள்

கைக்குழந்தைகளுக்குக் கன்னம், தலை, கைகால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களிலும், வளர்ந்த குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும், பெரியவர்களுக்குக் கை, கழுத்து, கண்ணிமை ஆகியவற்றிலும் மிகுதியாகத் தோன்றும். பல மருத்துவ நூல்கள் 'சிவந்த தோல்' என்றே விவரிக்கின்றன. ஆனால் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. சாம்பல், ஊதா அல்லது அடர்பழுப்பு நிறமாகவே தெரியும். ஆறிய பின் கருமையான அல்லது வெளிறிய தழும்பு சில மாதங்கள் இருக்கலாம்.

ஈரப்பதமூட்டிகள்

எல்லாச் சிகிச்சைக்கும் அடிப்படை ஈரப்பதமூட்டி ஆகும். இவை மூன்று வகைகளில் செயல்படுகின்றன.

பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை தோலின் மேல் படலமாகப் படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன.

கிளிசரின், யூரியா போன்றவை நீரை ஈர்த்துத் தோலில் தக்கவைக்கின்றன. யூரியா, வெடிப்புள்ள தோலில் எரிச்சல் தரலாம்.

செராமைடு, கொழுப்புப் பொருள்கள் போன்றவை உயிரணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்பித் தோலை மென்மையாக்குகின்றன.

விலை மிகுந்ததே சிறந்தது என்பதில்லை. இங்கிலாந்தில் 550 குழந்தைகளிடம் நடத்தி 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், லோஷன், கிரீம், ஜெல், களிம்பு ஆகிய நான்கு வகைகளுக்கும் இடையே பயனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நாள்தோறும் விருப்பத்துடன் பூசக்கூடியதும், நறுமணம் சேர்க்கப்படாததுமான ஒன்றைத் தேர்வது நல்லது.

தேங்காய் எண்ணெயும் ஓரளவு பயன் தருகிறது. 2014-இல் வெளியான ஆய்வொன்றில், 117 குழந்தைகளிடம் தூய தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயை விட நல்ல பலன் அளித்தது. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்புச்சுவரைப் பலவீனப்படுத்தக்கூடும். ஆதலால் அது தவிர்க்கத்தக்கது.

பூசும் முறை

வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடங்கள் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். மயிர் வளரும் திசையில் மெதுவாகத் தடவ வேண்டும். நாளொன்றுக்கு இருமுறையேனும் பூசுவதும், அரிப்பு இல்லாத நாள்களிலும் தொடர்வதும் தேவை. எக்சிமா உள்ள குழந்தைக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படலாம் என இங்கிலாந்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. சிறு குப்பியைப் பல மாதங்கள் வைத்துக்கொள்வோர் போதிய அளவு பூசுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

தோலின் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சாதாரண சோப்பின் அளவு 9 முதல் 10 வரை. எனவே காரத்தன்மை மிகுந்த சோப்பு தோலை மேலும் வறளச் செய்யும். களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் அருகில் கவனம் தேவை.

மருந்துகள்

அழற்சி மிகும்போது ஈரப்பதமூட்டி மட்டும் போதாது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பை, அவர் கூறிய அளவிலும் நாள்களிலும் பயன்படுத்த வேண்டும். வயதுவந்தவரின் ஆள்காட்டி விரல் நுனிமூட்டு அளவு பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். இது இரு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதும். அச்சத்தால் மருந்தைத் தவிர்ப்பதும், மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பல மாதங்கள் பூசுவதும் இரண்டும் தவறு. படர்தாமரையை எக்சிமா என எண்ணி ஸ்டீராய்டு பூசினால் அது பரவி உருமாறிவிடும்.

தவறான கருத்துகள்

கத்தரிக்காய், கருவாடு முதலியவற்றைக் 'கரப்பான் பண்டம்' என விலக்கும் வழக்கம் உண்டு. சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உடனிருக்கலாம். ஆனால் சோதனையின்றிப் பால், முட்டை, மீன் ஆகியவற்றை நிறுத்துவது வளர்ச்சியைப் பாதிக்கும். பிறந்தது முதல் ஈரப்பதமூட்டி பூசினால் எக்சிமா வராது என்பதும் உறுதிப்படவில்லை. 1,394 குழந்தைகளிடம் நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட இங்கிலாந்து ஆய்வில் அத்தகைய பயன் தெரியவில்லை. வந்த நோயைக் கட்டுப்படுத்துவதே ஈரப்பதமூட்டியின் பணி.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல், திடீரெனத் தோன்றும் வலியுள்ள கொப்புளங்கள் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். இவை தோன்றினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிப்பினால் குழந்தை இரவில் உறங்க இயலாமல், பகலில் பாடத்தில் கவனம் செலுத்த முடியாமல் போவதும் சிகிச்சையை மறுபரிசீலனை செய்யப் போதுமான காரணமே.