நீட்டிய லென்ஸ் உள்ளே போகவில்லை என்றால்

கையடக்க டிஜிட்டல் கேமரா பழுதானால் நம்மிடம் ஒரு வாய்க்கணக்கு தயாராக இருக்கிறது. ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்பது அந்தக் கணக்கு. மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் அது சரி. கேமராவுக்கு இன்று சரிவராது. பாதி எவ்வளவு என்று சொல்ல முழு விலை ஒன்று வேண்டும்; அந்த விலைச்சீட்டு தொங்கிய சரக்கே கடையைவிட்டுப் போய்விட்டது. ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான சிபாவின் கணக்கில், 2010இல் அதன் உறுப்பு நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பிய லென்ஸ் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் 10 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். 2023இல் அது சுமார் 17 லட்சம். நூற்றுக்கு இரண்டுகூட மிஞ்சவில்லை. கோடக் 2012இல் டிஜிட்டல் கேமராவைக் கைவிட்டது. கேசியோ 2018இல் கையடக்கக் கேமராவிலிருந்து விலகியது. நிலைத்து நின்றவர்கள் பெரும்பாலும் விலை கூடிய மாடல்களுக்கு நகர்ந்தார்கள். செஞ்சியில் இருப்பவர் 28 கிலோமீட்டர் போய்த் திண்டிவனத்தில் கேட்டாலும், 150 கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சென்னையில் கேட்டாலும், பத்தாண்டுக்கு முன் ஏழெட்டாயிரத்துக்குக் கிடைத்த அந்தச் சின்ன கேமராவுக்கு ஈடான புதுசு அதே விலையில் கிடைப்பது அரிது. ஆகவே விலையிலிருந்து தொடங்கினால் கணக்கு முட்டிக்கொண்டு நிற்கும். பழுது எந்த உறுப்பில் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உறுப்புகளிலேயே அதிகம் படுத்துவது லென்ஸ். சட்டைப் பையில் அடங்கவேண்டும் என்பதற்காக இதன் லென்ஸ், ரேடியோ ஏரியல் போல ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் இரண்டு மூன்று குழல்களில் அமைந்திருக்கிறது. குழல்களின் உட்சுவரில் சாய்வான பள்ளங்கள் வெட்டியிருக்கும். அவற்றில் சிறு முளைகள் வழுக்கிச் செல்லும். சுண்டுவிரல் நுனியளவு மோட்டார் ஒன்று பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் வழியாகக் குழலைச் சுழற்ற, முளைகள் பள்ளத்தைப் பின்பற்ற, லென்ஸ் முன்னே நீளும். குழல் எங்கே நிற்கிறது என்பதை ஒரு சிறு ஒளியுணரி கண்காணிக்கும். மோட்டார் ஓடியும் குழல் உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு வரவில்லை என்றால் கேமரா தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு 'லென்ஸ் எரர்' என்று காட்டும். கேனானின் பழைய மாடல்களில் இதே கோளாறுக்கு 'இ18' என்று பெயர். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. லென்ஸ் நீண்டிருந்தபோது கீழே விழுந்து முளை பள்ளத்தைவிட்டு விலகியிருக்கும். அல்லது குழல்களின் இடுக்கில் மணல் புகுந்திருக்கும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைப் படிகளில் ஏறுகிறவருக்கு இரண்டுமே எளிதில் வாய்க்கும். ஒவ்வொரு முறை லென்ஸ் நீளும்போதும் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது; காற்றோடு தூசும் போகிறது. செஞ்சித் தூசில் கருங்கல்லின் துகள் உண்டு. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடி சுமார் 5.5தான். சட்டை நுனியால் லென்ஸை அழுத்தித் துடைப்பவர் கண்ணாடிமேல் கீறல் போட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் ஊதுபந்தால் தூசை ஊதித் தள்ளிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும்.

லென்ஸ் கோளாறில் கவனிக்க வேண்டிய பொருளாதாரம் ஒன்று உண்டு. உடைந்தது ஒரு பல்சக்கரத்தின் பல்லாக இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் எவரும் மாற்றித் தருவது அபூர்வம். லென்ஸ், ஷட்டர், மோட்டார் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியாகவே மாற்றுவார்கள். அதைவிட, கேமராவைத் திறந்து மூடும் வேலைக்கே கூலியில் பெரும்பங்கு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவு திருகுகள், மடங்கிக் கிடக்கும் ரிப்பன் கேபிள்கள், மாடலுக்கு மாடல் மாறும் பூட்டுகள். எந்தப் பழுதுக்குத் திறந்தாலும் இத்தனையும் கழற்றித்தான் ஆகவேண்டும். எனவே உள்ளே சிறிய பழுதா பெரிய பழுதா என்பது செலவை நாம் நினைக்கும் அளவுக்கு மாற்றுவதில்லை. பழுது உடலுக்கு வெளியிலா உள்ளிலா என்பதே எல்லைக்கோடு.

வெளியில் இருப்பவை நான்கு: பேட்டரி, மெமரி கார்டு, தொடுமுனைகள், பேட்டரி மூடி. செத்துவிட்டது என்று ஒதுக்கப்படும் கேமராக்களில் பலவற்றின் பழுது இவற்றோடு நின்றுவிடும். லித்தியம் அயன் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதுமே தளர்ந்துவிடும். பீரோவில் வருடக்கணக்கில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். தளர்ந்த பேட்டரி திரையை எரிய வைக்கும், ஆனால் மோட்டார் லென்ஸை நீட்டும் நொடியில் தேவைப்படும் மின்னோட்டத்தைத் தராது. அப்போது லென்ஸ் பாதியில் நிற்கும். பார்ப்பவர் லென்ஸ் போய்விட்டது என்பார். கார்டு இன்னொரு ஏமாற்று. பழைய கேமராக்கள் பல 2 ஜிபிவரையுள்ள எஸ்டி கார்டை மட்டுமே அறியும். அடுத்த தலைமுறை 32 ஜிபிவரை. இன்று கடையில் கையில் திணிக்கப்படும் 64 ஜிபி கார்டைப் போட்டால் 'கார்டு எரர்' வருவது கேமராவின் குற்றமல்ல. மூடி சரியாகப் பூட்டாவிட்டால் பல மாடல்கள் உயிர்பெறவே பெறா, ஏனென்றால் அந்த மூடிக்கு அடியில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. இவற்றுக்காகக் கேமராவைக் கைவிடுவது வீண். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

மறுகோடியில் இருப்பது சென்சாரும் மெயின் போர்டும். இங்கே 2005இல் நடந்ததை நினைவுகூர்வது பயனுள்ளது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சோனி, கேனான், நிக்கான், ஃபூஜி, ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா என்று ஒவ்வொரு நிறுவனமாக ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்கள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் பழுதாகிப் படம் நெளிந்தோ, நிறம் கெட்டோ, முற்றிலும் இல்லாமலோ போகின்றன என்பது செய்தி. உள்ளே நுண்கம்பி இணைப்புகள் விட்டுப்போனதே காரணம். உத்தரவாதக் காலம் முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சரிசெய்து தந்தார்கள். அந்தச் சலுகைகள் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் சொன்ன சேதி பழசாகவில்லை: வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்டில் பயனர் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் சென்சார் தன் வழியில் போகலாம். வழக்கமான கேமரா கையேடுகள் சொல்லும் உச்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ். கத்திரியில் வடதமிழகத்தின் உள்பகுதிகள் அதைத் தொடுவது புதிதல்ல, வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைத் தாண்டவும் தாண்டும். சென்சாரோ போர்டோ போனபின் புதுத் தொகுதி கிடைக்காது. இன்னொரு செத்த கேமராவிலிருந்து எடுத்துப் பொருத்துவதே வழி. அதன் வயதும் அதே வயதுதான் என்பதால், அந்தச் செலவு செய்யாமலிருப்பதே நல்லது.

"வீடியோ பார்த்து நானே திறந்துவிடுகிறேன்" என்பவர்கள் உண்டு. கை சுத்தமான சிலர் மணலை எடுத்து லென்ஸை ஓடவைத்தும் இருக்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே ஃபிளாஷுக்கான கெபாசிட்டர் இருக்கிறது. 3.7 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தை ஏற்றி ஏற்றி அதில் சுமார் 300 வோல்ட்வரை சேமிக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தச் சார்ஜ் தங்கியிருக்கும். தொட்டால் கை எகிறும். ஸ்க்ரூடிரைவர் பட்டால் பொறி பறந்து போர்டு கருகும். நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான் என்பதை நினைத்துக்கொண்டால் போதும், திறக்கும் ஆசை அடங்கிவிடும்.

பெரிய ஆட்சேபம் வேறு. கையில் போன் இருக்கும்போது இந்தக் கேமரா எதற்கு என்பது. இதற்கு நேர்மையான பதில், பாதி இடங்களில் எதற்கும் இல்லை என்பதுதான். இச்சிறு கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், இன்றைய நடுத்தர விலைப் போன்கள் பலவற்றின் முதன்மைச் சென்சார் அதைவிடப் பெரிது. செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்து இருட்டில் போனே நல்ல படம் தரும். தொலைவுக்கு வந்தால் கதை மாறுகிறது. 2025 ஜூலையில் மராத்தியரின் ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலுக்குள் வந்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளில் பரந்து கிடக்கும் கோட்டை இது. அடிவாரத்திலிருந்து ராஜகிரி உச்சியின் ரங்கநாதர் கோயிலைக் கிட்டத்தில் கொண்டுவர 12 மெகாபிக்ஸல் போனில் நான்கு மடங்கு டிஜிட்டல் ஜூம் போட்டால், மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.75 மெகாபிக்ஸல். லென்ஸே நகர்ந்து நெருங்கும் ஆப்டிகல் ஜூமில் இந்த இழப்பு இல்லை. விலையுயர்ந்த போன்களில் இதற்கென்றே தனி லென்ஸ் வந்துவிட்டது. அதை வாங்கியவருக்கு இந்த வாதம் செல்லாது. மற்றவர்களுக்கு, பத்து மடங்கு ஜூம் உள்ள பழைய கேமரா இன்னும் பிழைக்கவைக்கத் தகுந்தது. மூன்று மடங்கு மட்டும் உள்ளதற்கு அந்த நியாயம் வலுவாக இல்லை.

சட்டம் உதவாதா என்றும் கேட்கலாம். பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் துறை 2022இல் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பர் 24இல் இணையவாசலும் திறந்தது. நல்ல காரியம். ஆனால் தயாரிப்பே நின்றுபோன மாடலுக்கு உதிரிபாகம் கொடு என்று கேட்கும் உரிமை நடைமுறையில் வெறுங்கை. சென்னை ரிச்சி தெருவில் பழைய கேமராக்களைப் பிரித்து உறுப்பு எடுத்துத் தருபவர் கிடைப்பாரா என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி. சமீப ஆண்டுகளில் பழைய சிசிடி கேமராக்களின் நிறத்துக்கு இளைஞர்களிடையே ஒரு மோகம் கிளம்பி, பழைய சரக்குக்கும் விலை ஏறியிருக்கிறது. அந்த நிறத்தில் சென்சாருக்கு உள்ள பங்கைவிட, நேரடி ஃபிளாஷுக்கும் உள்ளே நடக்கும் படச்செயலாக்கத்துக்கும் உள்ள பங்கு பெரிது என்பது என் எண்ணம். மோகத்துக்காக லென்ஸ் சிக்கிய கேமராவை வாங்கி ரிப்பேர் செய்ய நினைப்பது இரட்டை நட்டம்.

என் தீர்ப்பு இது: வெளிப்பழுது என்றால் யோசிக்காமல் சரிசெய்யலாம், லென்ஸ் என்றால் ஜூமின் நீளத்தையும் மாற்றுத் தொகுதி கையில் இருக்கிறதா என்பதையும் பார்த்து, கூலியை முன்கூட்டியே பேசி முடிவெடுக்கலாம், சென்சார், போர்டு, நீர் புகுந்து அரித்த உடல் என்றால் விட்டுவிடலாம். விடும்போது காயலான் கடைக்காரரிடம் அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம். மின்னணுக் கழிவை முறையாக வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். எஸ்டிமேட் ஒன்று சொல்லிப் பில் வேறொன்று போடும் கடையாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.