நாற்காலியை வெறுமையாக்குபவர் யார்?

இராயப்பரின் பெயரைத் தாங்கி நிற்கும் இராயபுரம் முதல் எண்ணூர்க் கழிமுகம் வரை நீண்டு கிடக்கும் வடசென்னைக்குத் தேர்தல் புதியதோர் அனுபவமன்று. துறைமுகத் தொழிலாளரும், காசிமேட்டு மீனவரும், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளரும் வெயிலைப் பொருட்படுத்தாது வரிசையில் நின்று வாக்களிப்பதை நாம் கண்டு வருகிறோம். ஆயினும், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் கூடும் வேளையில் நம் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “ஓட்டுப் போட்டு அனுப்பி வைக்கிறது நாங்க. அவர் சரியா நடக்கலேன்னா, திருப்பிக் கூப்பிட எங்களுக்கு வழி இருக்கா?”

நேரிய கேள்வி. அதற்கு நேரிய விடை: இல்லை. நம் நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினரையோ சட்டமன்ற உறுப்பினரையோ பதவிக்காலம் முடியுமுன் திரும்ப அழைக்கும் உரிமையை இந்திய அரசியலமைப்பு வாக்காளருக்கு வழங்கவில்லை. அப்படியாயின் உறுப்பினர் எவரும் பதவி இழப்பதே இல்லையா? இழக்கின்றனர். அவர்களை நீக்குபவர் வேறு; அதன் விளைவைச் சுமப்பவர் வேறு. இதனை நாம் நம் வீட்டு வாயிலிலேயே கண்டோம்.

பெரம்பூர் தந்த பாடம்

2017 ஆகஸ்ட் 22 அன்று, அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்குத் தந்த ஆதரவை விலக்கிக் கொள்வதாக ஆளுங்கட்சியின் உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரிடம் கடிதம் அளித்தனர். அவர்களுள் ஒருவர் பின்னர் திரும்பிவிட, எஞ்சிய 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ்த் தகுதி நீக்கம் செய்தார். அப்பதினெண்மருள் ஒருவர் நம் பெரம்பூர்த் தொகுதியின் உறுப்பினர் வெற்றிவேல்.

வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அது முடியும்வரை இடைத்தேர்தலும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பளித்தனர். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்று நடந்து, மே 23 அன்று முடிவு வெளியாயிற்று. ஆக, 20 மாதங்கள் பெரம்பூரின் நாற்காலி வெறுமையாகக் கிடந்தது.

அண்டைத் தொகுதியாகிய இராதாகிருஷ்ணன் நகரின் நிலை என்ன? 2016 டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்ததால் காலியான அவ்விடம் ஓராண்டுக்குமேல் நிரப்பப்படாதிருந்தது. 2017 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அடுத்தடுத்த இரு தொகுதிகளுக்கும் சட்டமன்றத்தில் குரல் இல்லை. அந்த இடைவெளியில்தான் மழைக்காலமும் வந்தது. நவம்பர் முதல் நாள், கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் பாய்ந்த மின்சாரம் தாக்கி இரண்டு சிறுமியர் மாண்டனர். உறுப்பினர் இருந்திருந்தால் அப்பிஞ்சு உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், அப்பெற்றோரின் கண்ணீருக்காக அவையில் எழுந்து வினவ வேண்டிய நாற்காலியில் ஆளில்லை என்பது உண்மை.

அத்தொகுதியின் உறுப்பினர் செய்தது சரியா தவறா என்பது நமது ஆய்வன்று. எக்கட்சியையும் சார்ந்து இதனை எழுதவில்லை. நாம் சுட்டுவது ஒன்றே: அவரை அனுப்பிய மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டத்தின் மூன்று வாயில்கள்

உறுப்பினர் ஒருவரை வெளியேற்றச் சட்டத்தில் முக்கியமான வாயில்கள் மூன்று உண்டு. முதலாவது நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஈராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றவர் தண்டனைக் காலத்திலும், விடுதலைக்குப் பின் 6 ஆண்டுகளும் தகுதியிழப்பார். முன்னாளில், பதவியில் இருப்போர் மேல்முறையீடு செய்தே நாற்காலியைக் காத்துக்கொள்ள அச்சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் லில்லி தாமஸ் அம்மையார் முதலானோர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்சநீதிமன்றம் அச்சலுகையை நீக்கிற்று. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா பதவியிழந்ததும், 2023 மார்ச்சில் ராகுல் காந்தி பதவியிழந்ததும் இதன் விளைவே. மேல்நீதிமன்றம் விடுவித்தாலோ, தீர்ப்பை நிறுத்தி வைத்தாலோ தடை அகலும்.

இரண்டாவது, 1985ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட கட்சித் தாவல் தடை. கட்சியைத் தாமாகத் துறந்தாலோ, கட்சியின் கட்டளையை மீறி அவையில் வாக்களித்தாலோ பதவி போகும். முடிவு செய்பவர் பேரவைத் தலைவர்.

மூன்றாவது, அவையே எடுக்கும் நடவடிக்கை. அனுமதியின்றி 60 நாள் அவைக்கு வாராதவரின் இடத்தைக் காலியென அறிவிக்கலாம். கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்ற 11 நாடாளுமன்ற உறுப்பினர்களை 2005 டிசம்பரில் இரு அவைகளும் வெளியேற்றின.

நீதிபதி நீக்கலாம், பேரவைத் தலைவர் நீக்கலாம், அவையும் நீக்கலாம். தேர்ந்தெடுத்த வாக்காளருக்கு மட்டும் இதில் இடமில்லை.

முன்னோரும் பிறரும்

நம் முன்னோர் இதனை எண்ணிப் பாராதவரல்லர். செங்கற்பட்டை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெறலாகாது. பொறுப்பில் இருக்கும்போதே குற்றம் புரிந்தவர் உடனே நீக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் காணும் விதிகள்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு திரும்ப அழைக்கும் சட்டம் இயற்றப்பட்டது. உறுப்பினர் சிறைத் தண்டனை பெற்றாலோ, அவையிலிருந்து குறைந்தது 10 அமர்வு நாள்கள் விலக்கி வைக்கப்பட்டாலோ, பொய்யான செலவுக் கணக்குக் காட்டித் தண்டிக்கப்பட்டாலோ தொகுதியில் மனு திறக்கப்படும். ஆறு வாரங்களுக்குள் வாக்காளருள் 10 விழுக்காட்டினர் கையொப்பமிட்டால் இடம் காலியாகும். நீக்கப்பட்டவரும் மீண்டும் போட்டியிடலாம். 2018இல் வடஅயர்லாந்துத் தொகுதி ஒன்றில் 444 கையொப்பம் குறைந்ததால் உறுப்பினர் தப்பினார். 2019இல் பீட்டர்பரோ தொகுதியின் உறுப்பினர் பதவியிழந்தார்.

நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசம், சத்தீசுகர் முதலிய சில மாநிலங்களில் உள்ளாட்சித் தலைவர்களைத் திரும்ப அழைக்கும் விதி உண்டு. 2001இல் அனூப்பூர் நகரத் தலைவர் அவ்வாறு நீக்கப்பட்டார். அவ்வாக்குச் சீட்டில் இரு சின்னங்களே: ஆள் அமர்ந்த நாற்காலி ஒன்று, வெறும் நாற்காலி மற்றொன்று. எழுத்தறியாதவருக்கும் விளங்கும் ஏற்பாடு! ஆயினும் அதனைத் தொடங்கி வைக்க வேண்டியவர்கள் நகர உறுப்பினர்களே. மக்கள் தாமாகத் தொடங்க இயலாது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்க்கும் இவ்வுரிமை வேண்டும் என்று 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முழங்கினார். அது இன்னும் சட்டமாகவில்லை.

அத்திமரமும் கோடரியும்

இவ்வுரிமை வந்துவிட்டால் எல்லாம் சீராகிவிடுமா? அவசரப்பட்டுத் தலையசைக்க வேண்டா. தோற்றவர் பழிதீர்க்கவும், சாதியின் பெயரால் சிறுபான்மையோரை விரட்டவும் இது கருவியாகக் கூடும். மக்களுக்குக் கசப்பான நல்ல முடிவை எடுக்கும் துணிவு எவருக்கும் வாராது.

ஆண்டவர் கூறிய அத்திமர உவமையை நினைவுகூர்வோம். மூன்றாண்டு கனிதராத மரத்தை வெட்டிவிடச் சொன்னார் உரிமையாளர். இன்னும் ஓராண்டு பொறுக்குமாறு வேண்டினார் தோட்டக்காரர். கொத்தி உரமிடுவதாகவும் வாக்களித்தார். கனி கேட்பது உரிமை, காலம் தருவது பொறுமை, உரமிடுவது கடமை. மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் தோட்டம் தழைக்கும். ஊழல் செய்தவரையும் கடமை துறந்தவரையும் மட்டும், உரிய கால அவகாசத்திற்குப்பின், மக்களின் பெரும்பான்மையால் நீக்குவதற்கு வழி வேண்டும் என்பதே நம் கருத்து.

நாம் முன்னரே விற்றுவிட்ட உரிமை

ஆனால், அவ்வுரிமையைக் கேட்பதற்கு நமக்குள்ள தகுதி யாது? இதனைச் சொல்ல நெஞ்சம் கூசுகிறது. 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. வாக்காளருக்குப் பணம் வழங்கப்பட்டதே காரணம். வருமான வரித்துறை கைப்பற்றிய தாள்களில் 89 கோடி ரூபாய்ப் பகிர்வுக்கான குறிப்புகள் இருந்தன என்ற செய்தி நாடெங்கும் பரவியது. தேர்தல் டிசம்பர் 21 அன்றுதான் நடந்தது. அத்தொகுதியின் நாற்காலி மேலும் எட்டு மாதம் வெறுமையாய் இருந்ததற்குக் காரணம் பேரவைத் தலைவரல்லர், நீதிமன்றமுமன்று. பணம் கொடுத்த கைகளும், அதனை வாங்கிய கைகளும்!

வறுமையால் வாங்கினோம் என்பர் சிலர். அலை ஓய்ந்த நாளில் அடுப்பெரியாத குடிசையின் துயரை நாம் அறியாதவரல்லோம். எனினும் சிந்திப்போம். விலை கொடுத்து வாங்கியவன் பொருளைத் தன் விருப்பம்போல் ஆள்வான். விற்றவன் கணக்குக் கேட்க முடியுமா? வாக்கிற்குக் காசு பெற்ற நாளன்றே, திரும்ப அழைக்கும் உரிமையையும் சேர்த்தன்றோ விற்றுவிட்டோம்!

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், பொதுநன்மைக்காகத் தம் வாக்கைச் சுதந்திரமாகப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்று நினைவூட்டுகிறது. கடமையை விற்க எவருக்கும் உரிமையில்லை.

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பவை சிலவே, ஆயினும் சிறியவையல்ல. நம் தெருவின் கழிவுநீர், குடிநீர், மின்கம்பி பற்றிய குறைகளைத் தேதியிட்டு எழுதி, பலர் கையொப்பமிட்டு உறுப்பினரிடம் அளிப்போம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதற்கு விடை கேட்போம். நேர்மையற்ற நடுவனிடம் ஓயாது முறையிட்டு நீதி பெற்ற கைம்பெண்ணை நமக்கு முன்மாதிரியாகக் காட்டியவர் நம் ஆண்டவரே. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்தபோது, பலர் கூடிக் கேட்ட கேள்விகளே பலரையும் அங்கு வரவழைத்தன.

இல்லத்துப் பெரியோர்களே, அடுத்த தேர்தலில் உங்கள் கதவைத் தட்டி உறை ஒன்றை நீட்டுவார்கள். உங்கள் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருப்பார்கள். அவ்வேளை அதனை மறுத்துத் திருப்பி அனுப்புங்கள். திரும்ப அழைக்கும் உரிமை என்றேனும் சட்டமாகுமாயின், அதனைத் தலைநிமிர்ந்து பயன்படுத்தும் தலைமுறை அன்று உங்கள் வாசலில்தான் பிறந்திருக்கும்.