'டிக்... டிக்...' நின்றுவிட்டால்

இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை என்றதும் ரிலேயைத் தேடி ஓட வேண்டாம். பத்து நிமிடச் சோதனை பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

பெங்களூர் சிவாஜிநகரில் 1927-ல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குக் காய்கறியும் மீனும் வாங்கக் கூட்டம் வருகிறது. அதே சிவாஜிநகரில் வேறொரு கூட்டம் தேடி வரும் இடம் குஜரி. ஆயுள் முடிந்த கார்களின் கதவு, கண்ணாடி, ஹெட்லைட், ஒயர் கட்டு என்று உறுப்பு உறுப்பாகக் கிடைக்கும் சந்தை. தமிழும் தக்கணி உருதும் கன்னடமும் கலந்த பேரம். சென்னைக்குப் புதுப்பேட்டை, டில்லிக்கு மாயாபுரி என்றால் பெங்களூருக்கு இது.

இங்கே கிடைக்கும் பொருள்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று ஃப்ளாஷர் ரிலே. தீப்பெட்டி அளவுதான். ஆனால் அது மக்கர் செய்தால் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திரும்பப்போவது தெரியாது. பழைய கார் வைத்திருப்பவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல், 120-க்கு மிகாமல் இண்டிகேட்டர் சிமிட்ட வேண்டும் என்கின்றன 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். இஞ்சின் என்னதான் நன்றாக ஓடினாலும் விளக்கு சிமிட்டாத வண்டி அங்கே தலைகுனிந்து நிற்கும்.

ரிலேயின் வேலை எளிமையானது. பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புவது. பழைய வகையில் சூடானால் வளையும் உலோகப் பட்டை ஒன்று இருந்தது. மின்சாரம் பாய்ந்தால் சூடாகி வளையும், இணைப்பு மாறும், ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். பின்னால் வந்த வகையில் மின்னணுச் சுற்று ஒன்று நேரம் கணக்கிட, உள்ளே இருக்கும் சிறு காந்தச் சுருள் இணைப்பை மூடித் திறக்கிறது. காரில் கேட்கும் 'டிக் டிக்' அதன் குரல்தான்.

இந்தக் குரலை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டால் ரிலே பெரும்பாலும் நிரபராதி. அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கும், அல்லது எர்த் இணைப்பில் துரு ஏறியிருக்கும். பல்பு போனதை டிரைவருக்குச் சொல்லவே மின்னணு ரிலே இப்படி அவசரப்படுகிறது. (பட்டை வகையில் இது நேர்மாறு. மின்சாரம் குறைவதால் பட்டை சூடேறத் தாமதமாகும். சிமிட்டல் மந்தமாகும் அல்லது நின்றே போகும்.) சாதா பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டவர்களுக்கும் இதே வேகம் வரும். எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரமே இழுப்பதால் பல்பு போய்விட்டது என்று ரிலே ஏமாறுகிறது.

இரண்டு பக்கமும் செத்துவிட்டதா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து, நான்கு விளக்கும் சேர்ந்து சிமிட்டும் ஹஸார்ட் பொத்தானை அழுத்துங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ரிலே ஒன்றுதான். ஃபியூஸ் மட்டும் வேறு. ஹஸார்ட் சிமிட்டினால் ரிலே உயிரோடு இருக்கிறது. குற்றவாளி ஃபியூஸோ ஸ்டீயரிங் அடியில் உள்ள சுவிட்சோதான்.

ஹஸார்டும் இல்லை, ஃபியூஸ்கள் நன்றாக இருக்கின்றன என்றால்தான் ரிலேக்கு வர வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அது டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஜப்பானிய வழி வந்த மாருதி போன்ற வண்டிகளில் அதன் கால்களுக்கு பி, எல், இ என்று பெயர்: பேட்டரி, விளக்கு, எர்த். ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் பி, எல் இரண்டை மட்டும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, இக்னிஷன் சாவியைத் திருப்பி, இண்டிகேட்டர் கம்பியை ஒரு பக்கம் தள்ளுங்கள். விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தால் ஒயரும் பல்பும் சுவிட்சும் சரி, ரிலேதான் போய்விட்டது. எரியவில்லை என்றால் புது ரிலே வாங்கியும் பயனில்லை. சோதனையின்போது ஒயர் தவறியும் 'இ'யைத் தொடக்கூடாது. தொட்டால் ஃபியூஸ் போகும்.

வாங்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று கால் ரிலேக்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் சிலவற்றில் எல்லும் இ-யும் இடம் மாறியிருக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். வோல்ட்டும் வாட்டும் பொருந்த வேண்டும். முன்னும் பின்னும் 21 வாட் பல்புகள் என்றால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் ஓடும். குஜரியில் வாங்கினால் காசு கொடுப்பதற்கு முன் ஒரு பேட்டரியிலும் இரண்டு 21 வாட் பல்பிலும் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கழற்றிய பொருளுக்குக் கேரண்டி கிடையாது.

இந்த வித்தைக்கும் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 1983-ல் சாலைக்கு வந்த மாருதி 800-ன் உற்பத்தி 2014-ல் நின்றது. அதே ஆண்டில் அம்பாசடரும் விடைபெற்றது. இன்றைய கார்கள் பலவற்றில் தனி ஃப்ளாஷர் ரிலேயே கிடையாது. விளக்கு, கதவுப் பூட்டு, வைப்பர் எல்லாவற்றையும் ஆளும் ஒரு கணினிப் பெட்டியே சிமிட்டலையும் கவனித்துக்கொள்கிறது. அதில் பழுது என்றால் துண்டு ஒயர் உதவாது. பெட்டியையே மாற்றி, வண்டிக்கேற்ப அதில் விவரங்களைப் பதிக்க வேண்டிவரலாம். சில நூறு ரூபாயில் முடிந்த வேலை ஆயிரங்களுக்குத் தாவுகிறது.

வேடிக்கை என்னவென்றால், புதிய கார்களிலும் 'டிக் டிக்' கேட்கிறது. சத்தம் இல்லாவிட்டால் டிரைவர் இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிடுவார் என்று ஸ்பீக்கர் மூலம் அதைப் போலி செய்கிறார்கள். குஜரிக்குப் போன ரிலேயின் குரல் மட்டும் வண்டியிலேயே தங்கிவிட்டது.