கடைச் சாப்பாடும் கடைக் காற்றும்

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி இரவு பிரித்தானியாவில் சாப்பாட்டுக் கடைகளை மூடும்படி உத்தரவாயிற்று. அன்று தொடக்கம் ஜூலை 4ஆம் திகதி வரை இங்கிலாந்தில் கடையில் உட்கார்ந்து சாப்பிட வழியிருக்கவில்லை. ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் எம்மவர் கடைகளில் வாங்கிய கொத்துரொட்டிப் பொட்டலம் வீட்டுக்கு வரும்போதே பாதி ஆறிவிடும். ஆயினும் அந்த மூன்றரை மாதத்தில் இவ்விஷயத்தில் ஒருவரும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. தீர்மானம் அரசாங்கத்தினுடையதாக இருந்தது. கதவு திறந்த பின்னர்தான் அது ஒவ்வொரு வீட்டின் தலையிலும் வந்து விழுந்தது. போவதா, விடுவதா?

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்யலாம். அப்பப்பாவுக்கு 78 வயது. நெடுநாளைய நீரிழிவுக்காரர், இருதயத்தில் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டவர். மகன், மருமகள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி ஆகியோரும் அதே வீட்டில் இருக்கின்றனர். பேத்திக்கு 21ஆவது பிறந்தநாள் வருகிறது. "அப்பா வீட்டில் இருக்கட்டும், நாங்கள் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம்" என்கிறார் மகன். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கணக்குப் பிழைப்பது இந்த இடத்தில்தான். கோவிட் பிடித்தவர் தமக்குக் காய்ச்சலோ இருமலோ தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்னரே மற்றவருக்கு நோயைக் கொடுக்க வல்லவர். சனிக்கிழமை விருந்துக்குப் போன பேத்தி, தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டே செவ்வாய்க்கிழமை அப்பப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். சாப்பிட்டவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர்.

அந்த விலை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2020 மார்ச் முதலாந் திகதி தொடக்கம் மே 11 வரை இங்கிலாந்து வைத்தியசாலைகளில் கோவிட் நோயால் இறந்தோர் 23,698 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. எம்மவர் வீடுகளில் நீரிழிவு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை அவரவர் குசினி அலுமாரியில் உள்ள மாத்திரைப் பெட்டிகளே சொல்லும்.

அந்த நாட்களில் எம்மவர் எதற்குப் பயந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோப்பையை யார் கழுவினார்கள், காசுத்தாளை யார் தொட்டார்கள், சமைத்தவர் கை சுத்தமா என்பவைதான் பெரிய கேள்விகளாக இருந்தன. வாங்கி வந்த பொட்டலத்தைக்கூடச் சவர்க்கார நீரால் துடைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அப்போது கிடைத்த புத்திமதியே அப்படித்தான் இருந்தது. கிருமி காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமே 2020 மார்ச் மாதத்தில் அறிவித்தது. காற்றைக் கவனியுங்கள் என்று 239 விஞ்ஞானிகள் அவ்வாண்டு ஜூலையில் பகிரங்கமாக எழுத வேண்டியதாயிற்று. பின்னர், தொற்றுள்ள ஒரு பொருளைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் மதிப்பிட்டது. கை கழுவுவது நல்ல பழக்கம். வேறு பல நோய்களுக்கு அது அவசியம். ஆனால் கடையில் இருந்த ஆபத்து கோப்பையில் இல்லை.

எங்கே இருந்தது என்பதைச் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஒரு மதியபோசனம் காட்டிற்று. 2020 ஜனவரி 24ஆம் திகதி, சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள். வூஹானிலிருந்து முந்திய தினம் வந்த ஒரு குடும்பம் ஒரு கடையின் மூன்றாம் மாடியில் அமர்ந்து சாப்பிட்டது. இரு பக்கத்து மேசைகளிலும் வேறு இரு குடும்பங்கள் இருந்தன. மேசைகளுக்கு இடையில் ஏறத்தாழ ஒரு மீற்றர் இடைவெளி. ஒரு குடும்பம் 53 நிமிடமும் மற்றது 73 நிமிடமும் வூஹான் குடும்பத்தோடு ஒரே நேரத்தில் அங்கே இருந்தன. வூஹானிலிருந்து வந்தவர்களில் ஒருவருக்கு அன்றே காய்ச்சல் கண்டது. பெப்ரவரி 5க்குள் மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேர் நோயாளிகள் ஆயினர்.

அந்த மாடியில் அன்று இருந்தவர்கள் மொத்தம் 91 பேர். மற்ற 81 பேருக்கும் ஒன்றும் வரவில்லை. பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. இதற்கு என்ன காரணம்? அந்த அறைக்கு யன்னல் கிடையாது. சுவரில் இருந்த குளிர்சாதனப் பெட்டி அந்த மூன்று மேசைகளின் மேலாகவே காற்றை அனுப்பி, அதே காற்றைத் திரும்ப இழுத்து, மறுபடியும் அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிக்காற்றோ வரவேயில்லை எனலாம். ஹொங்கொங் பல்கலைக்கழகப் பேராசிரியர் லீ யூகுவோ அவர்களின் குழு பின்னர் கணக்கிட்டபோது, ஆளுக்குச் செக்கனுக்கு ஒரு லீற்றர் அளவு புதுக்காற்றே அங்கே கிடைத்ததென்று கண்டது. பிரித்தானியாவில் விதிக்கப்படும் அளவு ஆளுக்குச் செக்கனுக்குப் பத்து லீற்றர்.

இது விளங்காதவர்கள் வீட்டில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பார்க்கலாம். கதவையும் யன்னலையும் அடைத்த அறையின் ஒரு மூலையில் வைத்தால், சற்று நேரத்தில் மற்ற மூலையில் இருப்பவருக்கும் வாசனை எட்டும். ஒரு மீற்றரோ இரண்டு மீற்றரோ என்று அளந்து புகை நிற்பதில்லை. யன்னலைத் திறந்தால் புகை மெலிந்து போகும். முற்றத்தில் கொளுத்தினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகத் தெரியாது. மனிதர் பேசும்போது வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகளும் அப்படித்தான். மெதுவாகப் பேசுவதைவிட உரத்துப் பேசும்போது அவை அதிகம் வெளிப்படும். கடையிலோ சங்கீதம் ஒலிக்கும், பக்கத்து மேசைச் சிரிப்பு ஒலிக்கும். ஆகவே எல்லாரும் குரலை உயர்த்துவார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு சாப்பிடவும் முடியாது.

தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில் 2020 ஜூன் மாதம் நடந்தது இதைவிட வியப்பானது. யன்னலற்ற ஒரு கடையில், நோயுற்றவரிடமிருந்து 6.5 மீற்றர் தூரத்தில் இருந்த பள்ளி மாணவி ஒருவருக்கு நோய் தொற்றியது. இருவரும் ஒரே நேரத்தில் அங்கிருந்தது ஐந்து நிமிடம் மட்டுமே. குளிர்சாதனக் காற்று ஒருவரிடமிருந்து மற்றவர் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றின் வழியில் இல்லாதவர்கள், கிட்டவே இருந்தும் தப்பினார்கள்.

ஒரு கடை, இரு கடைக் கதையை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயம். அமெரிக்காவில் 2020 ஜூலையில் பத்து மாநிலங்களைச் சேர்ந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோரை விசாரித்தார்கள். நோய் கண்டவர்கள், நோய் காணாதவர்களைப் போல இரு மடங்கு அளவில், முந்திய இரண்டு வாரத்தில் கடையில் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். சாமான் வாங்கப் போனதிலோ தலைமயிர் வெட்டப் போனதிலோ அத்தகைய வித்தியாசம் காணப்படவில்லை. உள்ளே இருந்து சாப்பிட்டார்களா, வெளியில் இருந்தா என்று அந்த விசாரணையில் பிரித்துக் கேட்கவில்லை, அது பெருங்குறைதான். என்றாலும் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டின.

இவ்வளவும் தெரிய வந்துகொண்டிருந்த அதே கோடையில்தான் பிரித்தானிய அரசாங்கம் மக்களைக் கடைக்குள் போகச் சொல்லிக் காசு கொடுத்தது. 2020 ஓகஸ்ட் 3 தொடக்கம் 31 வரை திங்கள், செவ்வாய், புதன் ஆகிய தினங்களில் சாப்பாட்டு விலையில் பாதி, தலைக்குப் பத்துப் பவுண் வரை, அரசாங்கப் பொறுப்பு. அப்போது நிதியமைச்சராயிருந்த ரிஷி சுனக் அவர்களின் திட்டம் இது. 16 கோடிக்கு மேற்பட்ட சாப்பாடுகளுக்கு ஏறத்தாழ 85 கோடிப் பவுண் செலவாயிற்று. அழியும் தறுவாயில் இருந்த ஒரு தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கத்தைப் பழிக்க முடியாது. ஆனால் பொட்டலமாக வாங்கிப் போனவருக்கு ஒரு பென்சும் கழிக்கப்படவில்லை. கடையிலேயே இருந்து சாப்பிட்டவருக்கே சலுகை. கடைக்காரருக்கு வருமானம் வேண்டும் என்றால் பொட்டலத்துக்கும் கொடுத்திருக்கலாமே! அறிவிக்கப்படும்வரை தமக்கு இது தெரியாது என்று, தலைமை விஞ்ஞான ஆலோசகராயிருந்த சேர் பட்ரிக் வலன்ஸ் அவர்கள் 2023இல் பொது விசாரணையில் சொன்னார். புதிய தொற்றுக் கூட்டங்களில் நூற்றுக்கு 8 முதல் 17 வரை இத்திட்டத்தால் ஆனவை என்று வோரிக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் தீமோ ஃபெட்ஸர் கணக்கிட்டார்; திறைசேரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணிக்கை எதுவாயினும், ஓகஸ்டில் யன்னல் திறந்திருந்தபோது பழகிய பழக்கம், யன்னல் மூடிய ஒக்டோபர் வரை தொடரத்தானே செய்யும்?

சாப்பிடப் போகிறவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் குசினிக்குள் நிற்பவர் மறந்து போவார். எம்மவரில் எத்தனையோ பேர் இந்நாட்டுக்கு வந்த புதிதில் கால் ஊன்றியது கடைக் குசினிகளில்தான். 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 20 முதல் 64 வயது வரையான ஆண்களில் இலட்சத்துக்கு 31 பேர் கோவிட்டால் இறந்தனர். சமையற்காரராக வேலை செய்த ஆண்களில் அது இலட்சத்துக்கு 100ஐத் தாண்டியது. வேலைத்தலம்தான் காரணம் என்று இதைக்கொண்டு நிரூபிக்க இயலாது. நெருக்கமான வீடு, வேறு நோய்கள், பஸ் பிரயாணம் எல்லாம் அதில் கலந்திருக்கும். எனினும், ஒரு வேளை வந்து போகிறவர் ஒரு மணி நேரம் சுவாசிக்கும் காற்றை அவர்கள் பத்து மணி நேரம் சுவாசிக்கிறார்கள் என்பது உண்மை.

கடைச் சாப்பாடு எல்லாருக்கும் உல்லாசமும் அல்ல. 2020 ஜூலை 29ஆம் திகதி ஹொங்கொங்கில் கடைக்குள் அமர்ந்து உண்பதை முற்றாகத் தடுத்தார்கள். கட்டிட வேலைக்காரர்கள் வெயிலிலும் மழையிலும் தெருவோரத்தில் குந்தியிருந்து சாப்பிடும் படங்கள் வெளிவந்தன. இரண்டே நாளில் பகல் உணவுக்குத் தடையை நீக்க வேண்டி வந்தது.

யப்பானியர் வேறொரு வழி கண்டனர். ஃபுகுவோக்கா நகரில் ஒரு கறிக்கடைக்காரர் 2021 ஜனவரியில், பேசாமல் சாப்பிடுங்கள் என்று ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டினார். அது நாடெங்கும் பரவிற்று. சாப்பிடும்போது கதைக்காதே என்று எம்மவர் பிள்ளைகளை அதட்டிய காலம் ஒன்று இருந்தது. அதை ஒரு கறிக்கடைக்காரர் யப்பானிய மொழியில் எழுதி ஒட்டினார் என்பது பாட்டிமாருக்குச் சந்தோஷமாயிருக்கும்!

தடுப்பூசி வந்த பின் கணக்கு மாறியது. எப்படி மாறியது என்பதையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். 2021 நவம்பர் 26ஆம் திகதி ஒஸ்லோவில் ஒரு கடையில் நத்தார் விருந்து நடந்தது. விசாரிக்கப்பட்ட 110 பேரில் 81 பேருக்கு நோய் தொற்றிவிட்டது. அநேகமாக எல்லாரும் இரண்டு ஊசியும் போட்டவர்கள். ஆயினும் விசாரணை முடியும்வரை ஒருவரையாவது வைத்தியசாலையில் சேர்க்க நேரவில்லை. அவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் வயதினர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஊசி காற்றைச் சுத்தம் செய்வதில்லை. அந்தக் காற்றைச் சுவாசித்தவரைப் பெரிய ஆபத்திலிருந்து காக்கிறது. அப்பப்பாக்களுக்கு அந்தக் காவல் மாதங்கள் செல்லச் செல்லத் தளர்ந்து போவதால்தான், 2025 இலையுதிர்காலத்திலும் இங்கிலாந்தில் 75 வயது நிரம்பியோருக்கு மீண்டும் ஊசி கொடுக்கப்பட்டது.

உலக அவசர நிலை 2023 மே 5ஆம் திகதி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. கிருமி போய்விடவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் இன்புளுவென்சாவையும் கூட்டிக்கொண்டு அது வருகிறது. பிறந்தநாட்களும் அறுபதாம் கல்யாணங்களும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அந்தப் பேத்தியின் பிறந்தநாளுக்குத் திரும்பலாம். அப்பப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போவது அவரைக் காப்பாற்றுவதாகாது. அது அவருக்கு இரண்டு நட்டம். நோயும் வரலாம், விருந்தும் போய்விட்டது. 2020இல் அவ்வீட்டார் செய்யக்கூடியதாக இருந்தது, பின்தோட்டத்தில் மேசை போட்டுப் பொட்டலச் சாப்பாட்டைப் பரிமாறுவது. இன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டே போகலாம். அவருக்குரிய ஊசிகள் போட்டு முடிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, கடையில் கூட்டமில்லாதபோது போகலாம். யாருக்காவது தொண்டை கரகரப்பு இருந்தால், அது பிறந்தநாள்காரியேயானாலும், நாளை மாற்றிவிடலாம். கேக் ஒரு வாரம் பொறுக்கும். அப்பப்பாவையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தனிமையில் இருந்து அலுத்துப்போன முதியவர், "எனக்கு வயது 78, இன்னும் எத்தனை பிறந்தநாள் பார்க்கப் போகிறேன்" என்று தாமே புறப்படுவார் என்றால், அது அவருடைய உரிமை. விஷயம் தெரிந்து அவர் தீர்மானிப்பது வேறு; அவரைக் கேளாமல் மற்றவர்கள் அவருக்காகத் தீர்மானிப்பது வேறு.

மேசை ஒதுக்கத் தொலைபேசி எடுக்கும்போது என்ன இருக்கிறது, எத்தனை வகைக் கறி என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள். அதோடு, "உங்கள் கடையில் யன்னல் திறக்குமா? அதன் பக்கத்து மேசை கிடைக்குமா?" என்றும் கேட்கலாம். திறக்கும் யன்னல் என்று சொன்னால், அப்பப்பாவுக்கு ஒரு கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.