குடும்பத்தோடு ஜப்பானுக்குப் போகிறவர்கள் கவனத்திற்கு



ஜப்பானியக் கம்பெனி என்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸ்ஸான் ஆலை வந்தது. அதே ஒரகடத்தில் கோமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா என்று வரிசை நீள்கிறது. இவற்றில் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கு ஜப்பானுக்கே போகும் வாய்ப்பு வரும்போது வீட்டில் கேள்விகளும் வருகின்றன. மனைவி மக்களைக் கூட்டிப் போகலாமா? பிள்ளைகள் என்ன சாப்பிடும்? ஜும்ஆ கிடைக்குமா? புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

விசாவை முதலில் பாருங்கள்

எல்லா விசாவிலும் குடும்பம் போக முடியாது. டி.ஐ.டி.பி. எனப்படும் தொழிற்பயிற்சித் திட்டத்துக்கு இந்தியா 2017-ல் ஜப்பானுடன் ஒப்பந்தம் செய்தது. 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கான ஒப்பந்தம் 2021-ல் ஆனது. பயிற்சித் திட்டத்திலும், திறன் விசாவின் முதல் நிலையிலும் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஒவ்வொன்றிலும் ஐந்தாண்டு வரை இருக்க நேரலாம். பயிற்சித் திட்டத்துக்குப் பதிலாக 2027-ல் புதிய திட்டம் வருகிறது. அதற்கான சட்டம் 2024-ல் நிறைவேறியது.

பொறியாளர் விசா, கம்பெனி இடமாற்ற விசா ஆகியவற்றில் குடும்பம் போகலாம். உடன் செல்லும் மனைவி தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஆகவே 'போய்ச் சேர்ந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்' என்று ஏஜெண்ட் வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். விசாவின் பெயரைக் கேளுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

சொல்லாத விதிகள்

ஜப்பானியர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது அரிது. 'சோட்டோ' என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். 'கொஞ்சம்' என்பது அதன் பொருள். நம்மூரில் ஒருவர் 'அது கொஞ்சம் கஷ்டமாச்சே' என்று இழுத்தால் காரியம் நடக்காது என்று நமக்குப் புரிகிறதல்லவா, அதே போலத்தான். நம் வீட்டுச் சத்தமோ குப்பையோ தொல்லையாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் நம்மிடம் சொல்லாமல், கட்டட நிர்வாகியிடம் சொல்லக்கூடும். எனவே அங்கே போகிறவர் இரண்டைப் பழக வேண்டும். விதி என்ன என்று முதலிலேயே கேட்பது ஒன்று. நம் தேவை என்ன என்று முதலிலேயே தெளிவாகச் சொல்வது மற்றொன்று. கேட்காத வரை அங்கே யாரும் தாமாக வந்து சொல்லித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வீடும் குப்பையும்

நம்மூரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் காலி செய்யும்போது திரும்பி வரும். அங்கே 'ஷிகிகின்' என்பது அட்வான்ஸ்; 'ரெய்கின்' என்பது வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நன்றித் தொகை, அது திரும்பி வராது. இரண்டும் கேட்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 16 வயது நிரம்பியவர்கள் குடியிருப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

பலருக்கும் பெரிய ஆச்சரியம் குப்பைதான். எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், பாட்டில், டப்பா என்று தனித்தனியாகப் பிரித்து, அதற்கென்று உள்ள கிழமையில் காலையில் வைக்க வேண்டும். ஊருக்கு ஊர் முறை மாறும். தவறாக வைத்த பையை ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே விட்டுப் போவார்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் காகிதத்தில் உறிஞ்ச வைத்துக் குப்பையில் போட வேண்டும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் அண்டை வீட்டார் உரிமையைப் பேணுவதும் ஈமானைச் சேர்ந்தவை என்று கற்ற நமக்கு இது சுமையாகத் தோன்றக் கூடாது.

நமக்கு இதமான ஆச்சரியங்களும் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றாமல் யாரும் வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். பெரும்பாலான வீட்டுக் கழிப்பறைகளில் தண்ணீரால் சுத்தம் செய்யும் வசதி இருக்கும்.

உணவும் பள்ளிக்கூடமும்

பன்றி இறைச்சியை விலக்கினால் மட்டும் போதாது. சமையலில் ஊற்றும் 'மிரின்' என்ற இனிப்புத் திரவத்தில் சாராயம் உண்டு. ராமென் சூப்பு பல கடைகளில் பன்றி எலும்பில் காய்ச்சியது. ரொட்டியிலும் இனிப்பிலும் கொழுப்பு, ஜெலட்டின் சேரும். இவற்றைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்துகளை ஓர் அட்டையில் எழுதி வாங்கிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். சிறு பிள்ளைகள் பெற்றோர் துணையின்றி நடந்தே பள்ளிக்குப் போவார்கள். வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைப்பார்கள். அதைத் தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். மதிய உணவு எல்லோருக்கும் ஒன்றுதான். மாத உணவுப் பட்டியலைப் பள்ளி முன்கூட்டியே தரும். ஆசிரியரிடம் பேசி, ஆகாத நாட்களில் வீட்டுச் சாப்பாடு கொடுத்துவிடலாம். சேர்க்கையின் போதே இதைச் சொல்லிவிடுங்கள். குழந்தை தனியாகச் சொல்லிச் சமாளிக்கட்டும் என்று விடாதீர்கள்.

தொழுகை

கிப்லா நம்மூரைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே. நேரம்தான் மாறும். டோக்கியோவில் ஜூன் மாதம் ஃபஜ்ர் மூன்று மணிக்கு முன்பே வந்துவிடும். டிசம்பரில் மஃரிப் மாலை நாலரைக்கே. அதாவது குளிர்காலத்தில் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள் விழலாம். ஜும்ஆவுக்கும் இந்தத் தொழுகைகளுக்கும் வேண்டிய நேரத்தை வேலையில் சேரும் முன்பே மேலாளரிடம் சொல்லி வைப்பது நல்லது. வேலை முடிந்தபின் நடக்கும் குடி விருந்தில் தேநீர் மட்டும் குடிக்கலாமா, ஆடையின்றி இறங்கும் வெந்நீர்க் குளியலுக்கு வர இயலாது என்பதை எப்படிச் சொல்வது என்பவற்றையும் நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து செல்லுங்கள்.

பள்ளிவாசல்கள் உண்டு. கோபே நகரின் பள்ளிவாசல் 1935-ல் கட்டப்பட்டது. ஜப்பானின் முதல் பள்ளிவாசலான அதற்கு அங்கிருந்த இந்திய முஸ்லிம் வணிகர்களும் பொருள் கொடுத்தார்கள். டோக்கியோ ஜாமியின் இப்போதைய கட்டடம் 2000-ல் திறக்கப்பட்டது.

பேசத் தயங்கும் விஷயம்

அல்லாஹ் அனைவருக்கும் நீண்ட ஆயுளைத் தருவானாக. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஜப்பானில் இறப்போரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் தகனம் செய்யப்படுகிறார்கள். அடக்கத்தைத் தேசியச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அனுமதி பெற்ற இடங்கள் மிகச் சில. ஓய்ட்டா மாகாணத்தின் ஹிஜி ஊரில் முஸ்லிம்கள் கபரஸ்தான் அமைக்க முயன்றபோது ஊரார் எதிர்ப்பால் அது பல ஆண்டுகள் இழுபட்டது. எனவே தகனம் வேண்டாம், அடக்கம்தான் என்பதை எழுதி, கம்பெனியிடமும் அவ்வூர்ப் பள்ளிவாசலிலும் கொடுத்து வையுங்கள். மையித்தை ஊருக்குக் கொண்டுவரும் செலவை இன்சூரன்ஸ் ஏற்குமா என்றும் கேளுங்கள். இது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை ஒப்பந்தமோ விசாத் தாளோ கையில் வந்தால், கையெழுத்துப் போடும் முன் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உடன் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்