வீரனுக்கு ஒரு துணை

ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தனிமையைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தெருவிலே ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாதா என்று ஏங்கிய நாட்கள் நம்மில் ஒவ்வொருவருக்கும் உண்டு. வீட்டில் வளரும் வாயில்லாப் பிராணிக்கும் அத்தகைய ஏக்கம் உண்டென்பதை, நாகபுரி ரயில்வே குடியிருப்பில் வாழும் நாங்கள், அண்டை வீட்டு மராட்டியப் பாட்டியார் சொல்லித்தான் அறிந்தோம்.

எங்கள் முதல் நாய்க்குட்டிக்குப் பிள்ளைகள் வீரன் என்று பெயரிட்டனர். காலை 9 மணிக்கு அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் எல்லோரும் புறப்பட்டுவிட்டால், பிற்பகல் 2 மணி வரை வீடு பூட்டியே கிடக்கும். ஒரு நாள் மாலை, நாங்கள் ஆஜி என்று அழைக்கும் அப்பாட்டியார் எங்களை நிறுத்தி, "உங்கள் நாய் குரைக்கவில்லை, அழுகிறது" என்றார். அதில் புகார் தொனி இல்லை. அதனாலேயே எங்களுக்கு அது அதிகமாகச் சுட்டது.

அன்றிரவே வீட்டில் மாநாடு கூடிற்று. இன்னொரு குட்டியைக் கொண்டு வந்தால் ஒன்றுக்கொன்று துணையாகுமே என்பது பிள்ளைகளின் கட்சி. எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. ஆயினும் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டோம். வீரனுக்கு அப்பொழுது 4 மாதம்.

மருத்துவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஏறத்தாழ ஒரே வயதுள்ள இரு குட்டிகளைச் சேர்த்து வளர்த்தால், அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, வளர்ப்போரின் சொல்லுக்குச் செவிசாய்க்கத் தாமதிக்கக்கூடும். பின்னர் ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று கலங்கிப் போகும். ஆகவே, முதற்குட்டி ஓராண்டு நிறைந்து நல்ல பழக்கங்களைக் கற்ற பிறகு இரண்டாவது வரட்டும் என்பது முதற்செய்தி. வீரன் அழுவது இன்னொரு நாய்க்காக அன்று, உங்களுக்காகவே என்பது இரண்டாவது செய்தி.

முதற்செய்தி எங்களுக்கு எளிதில் விளங்கிற்று. வேலை கிடைத்து இவ்வூருக்கு வந்த புதிதில், விடுதியிலே கண்ட காட்சிதான் அது. ஒரே தாலுகாவிலிருந்து வந்த இருவர் ஓர் அறையில் தங்கினர். மூன்றாண்டு கழிந்தும் காய்கறிக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்குக்கூட அவர்களுக்கு இந்தி வரவில்லை. மராட்டியர் நடுவே தனியாக அகப்பட்டுக்கொண்ட மூன்றாமவரோ, ஆறே மாதத்தில் இரு மொழியும் பேசலானார். துணை நல்லதுதான், ஆனால் கற்க வேண்டியதைக் கற்குமுன் வந்துவிடும் துணை கல்விக்குத் தடையாகிவிடுகிறது. இரண்டாவது செய்தியை மட்டும் நாங்கள் பொருட்படுத்தவில்லை. அதன் பலனைப் பின்னர் அனுபவித்தோம்.

வீரனுக்கு 14 மாதமான பொழுது, சரக்குக் கிடங்கின் பின்புறம் ஒரு தெருநாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்றைத் தேர்ந்தோம். தாயிடம் 8 வாரமாவது குட்டி இருத்தல் வேண்டும். கடிக்கும் அளவையும் விளையாட்டு முறையையும் அது கற்பது தாயிடமும் உடன்பிறப்புகளிடமுமே. ஆகையால் நாள் கணக்கிட்டுக் காத்திருந்து, முதல் தடுப்பூசியும் போட்டு, பொன்னியை அழைத்து வந்தோம்.

இரண்டும் முதன்முதல் சந்தித்த இடம் ஆஜியின் வீட்டுத் தாழ்வாரம். அது வீரனின் எல்லை அன்று. வேற்று நாய்களும் அங்கு வருவதில்லை. வீரன் உறுமினான். பிள்ளைகள் அதட்ட முற்பட்டபொழுது நாங்கள் தடுத்தோம். உறுமல் என்பது, "சற்று எட்டி நில்" என்று நாய் தன் மொழியில் சொல்லும் சொல். அதை அடக்கிவிட்டால், அடுத்த முறை சொல்லாமலே கடிக்கத் துணியும். கால் மணி நேரத்தில் இரண்டும் மோந்து பார்த்துச் சமாதானமாயின. வீட்டில் தனித்தனித் தட்டு, தனித்தனிப் படுக்கை, தனித்தனி உலா. சோறு முதலில் வீரனுக்கே.

இனி எங்கள் பிழை. தடுப்பூசி ஒன்று போட்டாயிற்றே என்ற தைரியத்தில், மறுநாளே பொன்னியைப் பிள்ளைகளுடன் தெருநாய்கள் உலவும் திடலில் விளையாட விட்டோம். ஆறாம் நாள் வாந்தியும் இரத்தக்கழிச்சலும் கண்டன. பார்வோ என்னும் நச்சுநோய் என்றார் மருத்துவர். இந்நோய்க் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். பெனாயிலுக்கு மடியாது, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீருக்கே மடியும். ஒரு தடுப்பூசி போதாது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறையாக 16 வாரம் வரை போட்டு முடிக்கும்வரை குட்டியைப் பொதுவிடத்தில் இறக்கலாகாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில் தனி.

ஐந்து நாள் நரம்பின் வழியே மருந்துநீர் ஏற்றினர். இரவில் மாறி மாறி விழித்திருந்தோம். மகள் தன் உண்டியலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். ஊசிகள் யாவும் முறையே போட்டிருந்தமையால் வீரனை நோய் தீண்டவில்லை. ஆறாம் நாள் பொன்னி தானாகவே தண்ணீர் நக்கினாள். பிழைத்தாள்.

அவள் தேறிய பின்னர், பூட்டிய வீட்டில் அழுகை நின்றதா? இல்லை. இப்பொழுது இரண்டு குரல் கேட்கிறது என்றார் ஆஜி! மருத்துவரின் இரண்டாவது செய்தி அப்பொழுதுதான் உறைத்தது. அதன் பிறகு முறையாகப் பழக்கினோம். முதலில் 2 நிமிடம் வெளியே நின்று திரும்புவது; பின்னர் 5, 10, 30 நிமிடம். காலையில் புறப்படுமுன் அரைமணி நேர உலா. பகலில் ஒருமுறை ஆஜி கதவைத் திறந்து இரு சொல் பேசுவார். இரண்டு மாதத்தில் அழுகை அடங்கிற்று. பொன்னி விளையாட்டுத் தோழியானாள் என்பது மெய். எங்கள் நேரத்திற்கு அவள் ஈடாகவில்லை என்பதும் மெய்.

நம்மைப் போன்றோர் எண்ண வேண்டியது இன்னொன்று உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகையில் நாய்களை என் செய்வது? ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால், முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நமக்கென்று பெற வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டுதான். நாகபுரியிலே மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும். சென்னையோ 1,000 கிலோமீட்டருக்கு அப்பால். அக்கூண்டில் எங்கள் பிள்ளைகளை ஏற்ற மனம் வரவில்லை. சென்ற கோடையில், நாய் வளர்க்கும் மற்றொரு தமிழ்க் குடும்பத்துடன் முறை பேசிக்கொண்டோம்: ஏப்ரலில் அவர்கள் ஊருக்கு, மே மாதத்தில் நாங்கள். சங்கத்து அன்பர்கள் பலர் இவ்வாறு ஒன்றுகூடினால் எவருக்கும் தொல்லையில்லை.

இரண்டாவது குட்டியை நாடுவோர் தம்மையே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: முதற்குட்டிக்கு நாம் தர வேண்டிய நேரத்தைத் தந்துவிட்டோமா? ஆம் எனில், இன்னொன்று வரட்டும். இல்லையெனில், இன்று மாலையே அதை அழைத்துக்கொண்டு சிறிது தூரம் நடந்து வாருங்கள்.