ஒளி வழங்கிய கலைஞர்

காப்ரியேல் லுவார் (1904–1996) பிரான்சு நாட்டின் வண்ணக் கண்ணாடிக் கலைஞர். 1946ஆம் ஆண்டு சார்த்ர் நகருக்கு அருகே தம் பட்டறையைத் தொடங்கினார். பழங்காலத் தேவாலயச் சாளரங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகள் ஈயப் பட்டைகளால் இணைக்கப்பட்டன. லுவாரோ தடித்த கண்ணாடியைச் சுத்தியலால் கொத்திக் கான்கிரீட்டில் பதித்தார். கொத்திய விளிம்புகளில் ஒளி சிதறியதால் நிறங்கள் மின்னின.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்சைக் கைப்பற்றியது. 1943இல் நடந்த குண்டுவீச்சில் ஜெர்மனியின் பெர்லின் நகரிலிருந்த கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயம் இடிந்தது. போருக்குப் பின், சிதைந்த கோபுரத்தை அகற்றாமல் அதனருகே புதிய தேவாலயம் கட்டினர். அதன் சுவர்களுக்கு 20,000க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பாளங்களைச் செய்து கொடுத்தவர் லுவார். 1961இல் திறக்கப்பட்ட அத்தேவாலயத்தில் இன்றும் நீல ஒளி நிறைந்திருக்கிறது. பகைமை மறந்த இரு நாடுகளின் நல்லிணக்கத்திற்கு அது சான்றாக விளங்குகிறது.